தகடும் உருளையும்

டீ பாக்கெட் அச்சடிக்கும் ரோட்டோகிராவியூர் மெஷினில், அதாவது குழி வெட்டிய உருளையில் மை ஏற்றி அச்சடிக்கும் மெஷினில், பல வருடம் நின்றுவிட்டுத்தான் கோத்தகிரிக்கு வந்தேன். இங்கே புகைப்படக் கலைஞரான ஒரு அக்கா ஃபோட்டோகிராவியூர் பட்டறை வைத்திருக்கிறார்: புகைப்படத்தைச் செப்புத் தகட்டில் குழிகளாக அரித்து, அதில் மை நிரப்பித் தாளில் அச்செடுக்கும் முறை. தகடு அரிப்பதும் அச்சு எடுப்பதும் என் வேலை. பழைய வேலையும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது: 1879-இல் வியன்னாவில் செப்புத் தகட்டு முறையைச் செம்மைப்படுத்திய கார்ல் கிளிச்தான் 1890-களில் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் அதை உருளைக்குக் கொண்டுபோனவர்.

தகட்டில் ரோசின் என்ற பிசின் தூளைப் படியவிட்டு, சூடு காட்டி ஒட்டவைப்போம். டைகுரோமேட் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்திய ஜெலட்டின் தாள் மேல் பாசிட்டிவ் ஃபிலிமை வைத்து ஒளி காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகும். தாளைத் தகட்டில் ஒட்டி வெந்நீரில் கழுவும்போது மற்றது கரைந்துவிடும். அப்புறம் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசல். படத்தின் கருமையான பகுதியில் ஜெலட்டின் மெல்லிசு, அங்கேதான் அது முதலில் நுழைந்து ஆழமாகக் கடிக்கும். கரைசலில் தண்ணீர் கூடக்கூட ஜெலட்டினைச் சீக்கிரம் ஊடுருவும் என்பதால் 45 போமேயில் (கரைசலின் அடர்த்தி அளவு) தொடங்கி 40 பக்கம்வரை படிப்படியாக இறங்குகிறோம்.

மலையில் இந்தக் கணக்கெல்லாம் ஆடிப்போகும். மார்கழிக் குளிரில் கடி மந்தமாகிவிடும், கரைசல் இருக்கும் தட்டை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால்தான் சரிப்படும். ஐப்பசி மழையிலோ ஜெலட்டின் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து, கரைசலை மளமளவென்று உள்ளே விட்டுவிடும், நிழல்களுக்குள் இருக்கும் வேறுபாடு போய்விடும்.

எனக்குப் பிடித்தது மை துடைப்பது. மெஷினில் டாக்டர் பிளேடு என்ற மெல்லிய பட்டை, ஓடுகிற உருளையின் மேலுள்ள மிச்ச மையை வழித்துவிடும், லட்சமாவது பாக்கெட்டும் முதல் பாக்கெட் போலவே வர வேண்டும். இங்கே கஞ்சி போட்ட வலைத்துணி, கடைசியில் உள்ளங்கை. தேயிலைச் சரிவுக்கு மேல் மேகம் நிற்கும் படமென்றால் "அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் மை இருக்கட்டும் தம்பி" என்பார் அக்கா.

பட்டறைக்கு வருகிறவர்கள் இது கலை, அது தொழிற்சாலை என்று சுலபமாகப் பிரித்துவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிளேடின் கோணத்தை வைக்கும் ஆபரேட்டருக்கும் கை உண்டு, அதைப் பழக வருடங்கள் ஆகும். எங்கள் ஃபிலிம், ஜெலட்டின் தாள், மெருகேற்றிய செம்பு எல்லாமே எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ கவனமாகச் செய்தவைதானே. 1960-இல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இதே மலையில் ஜெலட்டின் பூசிய ஃபிலிம் தயாரித்தது, இன்று அது இயங்கவில்லை. அங்கே இருட்டறையில் வேலை பார்த்தவர்களைக் கைவினைஞர்கள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அக்கா படத்தின் கீழே பென்சிலால் கையெழுத்துப் போடுவார், பக்கத்திலேயே அச்சிட்டவரின் முத்திரையையும் அழுத்தச் சொல்வார். டீ பாக்கெட்டில் ஆபரேட்டருக்கு அப்படி ஓர் ஓரம்கூட இல்லை, அது எனக்கு நியாயமாகப் படவில்லை.