எண்பது சதவீதமா, எண்பதாவது பர்சென்டைலா?

மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து 600க்கு 527 வாங்கினாள். கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசு தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு எண்பது வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நம்மிடம் எண்பத்தேழு இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். எதிர்வீட்டுப் பையன் ஆர்ட்ஸ் பிரிவில் 457, அதாவது 76 சதவீதம். “உனக்கு வராதுப்பா, வீணா அலையாதே” என்று அவனிடமும் சொல்லிவைத்தேன். பெரிய மனுஷன் பேச்சு!

வருமானச் சான்றுக்காக காரைக்குடி இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் (ஆண்டு வருமானம் நாலரை லட்சத்தைத் தாண்டக் கூடாது) போனில் விதிமுறையைப் படித்தேன். எண்பது சதவீதம் என்று எங்கேயும் இல்லை. எண்பதாவது பர்சென்டைல் என்று இருந்தது.

சாயங்காலம் கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் அக்கா மகன் விளக்கினான். கணக்கு வாத்தியார் அவன். ஆத்தாவின் பல்லாங்குழியிலிருந்து ஐந்து புளியங்கொட்டையை எடுத்து, ஆத்தங்குடிக் கல்லில் வரிசையாக வைத்தான். “நம்ம போர்டுல, அதே பிரிவுல பாஸானவங்களை மட்டும் மார்க் வரிசையில நிறுத்துங்க மாமா. அஞ்சு பங்காப் பிரிச்சா, முன்னால நிக்கிற ஒரு பங்குக்குத்தான் தகுதி. சிபிஎஸ்இக்கு வரிசையே வேற.” கேள்வித்தாள் கஷ்டமாக இருந்த வருஷம் 76 சதவீதம்கூட முன்பங்கில் வரலாம். சுலபமாக இருந்தால் 87கூட விளிம்பில் நிற்கலாம்.

எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அப்ப நீ என்ன வாங்கினேங்கிறது இல்ல, உனக்குப் பின்னால எத்தனை பேருங்கிறதுதானே?” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

அன்றிரவே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கடைசித் தேதிக்கு நாலு நாள் இருந்தது, பையன் விண்ணப்பித்தான்.

கட்-ஆஃபை இருவருமே தாண்டினார்கள். ஆனால் அதற்கு மேல் மெரிட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குத்தான் புதிதாகத் தருகிறார்கள். போர்டுக்கு வரும் பங்கை சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸுக்கு 3:2:1 என்று பிரிக்கிறார்கள். அதில் பாதி பெண்களுக்கு. மகளுக்குக் கிடைத்தது. பையனுக்கு இல்லை. “வாசல்ல சந்தனம் குடுத்துட்டு பந்தியில இடமில்லேன்னானாக்கும்” என்றார் ஆத்தா.

பணம் வருஷத்துக்கு 12,000. விண்ணப்பம் போட்டபோது மகள் பெயரில் புதுக் கணக்கு தொடங்கியிருந்தோம். அதில் மாதக்கணக்காக ஒன்றும் காணோம். ஆதாரோடு இணைந்திருந்தது பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய பழைய கணக்கு. பரணிலிருந்து அந்தப் பாஸ்புக்கைத் தேடியெடுத்து என்ட்ரி போட்டால், எப்போதோ வந்து உட்கார்ந்திருக்கிறது.