மார்ச் முதல் மே வரை: லில்லஹாமரில் விறகடுப்புக் குறிப்புகள்

மார்ச் 8

இரவு −12 பாகை, மதியம் +5. உள்நாட்டு நோர்வேயில் வசந்தம் இப்படித்தான் வரும். பகலில் கூரை சொட்டும். இருட்டியதும் அந்தச் சொட்டே ஈட்டியாகத் தொங்கும். விறகடுப்புக்கு ஆண்டிலேயே சிக்கலான பருவம் இது. தையில் எப்படிப் போட்டாலும் எரிந்த அடுப்பு, இப்போது புகைந்து அழவைக்கும்.

காரணம் புகைக்கூட்டின் இழுவை. ஊர் அடுப்பில் ஊதுகுழல் செய்கிற வேலையை இங்கே புகைக்கூடு செய்கிறது. அதன் பலம் உள்ளே உள்ள சூட்டுக்கும் வெளியே உள்ள குளிருக்கும் இடையிலான வித்தியாசத்தில் இருக்கிறது. ஆறு மீற்றர் புகைக்கூடு, வீட்டுக்குள் 20 பாகை என்று வைத்துக் கணக்குப் போட்டால், நெருப்பு மூட்டுமுன்பே வெளியே −15 இல் ஏறத்தாழ 10 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுவை கிடைக்கும். வெளியே +12 என்றால் 2 பாஸ்கல்தான். அடுப்புக் கையேடுகள் எரியும்போது பொதுவாக 12 பாஸ்கல் கேட்கின்றன. 2 இலிருந்து 12 க்குச் சீக்கிரம் ஏறுவதுதான் வசந்தத்தில் நெருப்பு மூட்டுவதன் முழு வேலையும்.

மார்ச் 15

மேலிருந்து மூட்டும் முறை. நோர்வேயில் இதைத்தான் எல்லா இடத்திலும் சொல்லித்தருகிறார்கள். நம்மவர் பலருக்குக் கை வராது. சுள்ளியைக் கீழே வைத்து விறகை மேலே அடுக்கிப் பழகிய கை அது.

5 அல்லது 6 கிலோவாற் அடுப்புக்கு இன்றைய அளவு: அடியில் மணிக்கட்டுப் பருமனில் பிளந்த பிர்ச் மரக்கட்டை இரண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதன்மேல் குறுக்காகச் சற்று மெல்லிய துண்டுகள் இரண்டு. அதற்கும் மேலே விரல் பருமனில் காய்ந்த ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) சிராய் எட்டுப் பத்து, சதுரக் கூடு மாதிரி அடுக்க வேண்டும். உச்சியில் மெழுகு தோய்த்த மரத்தூள் கட்டி ஒன்று, இல்லாவிட்டால் பிர்ச் பட்டைச் சுருள். ஊரில் பன்னாடை பற்றுகிற மாதிரி பிர்ச் பட்டை பற்றும். ஈரமாக இருந்தாலும் எரியும். எல்லாம் சேர்த்து 2 கிலோவைத் தாண்டக்கூடாது.

கீழ்க்காற்று, மேல்காற்று வழிகள் இரண்டையும் முழுக்கத் திறந்து, கதவை ஒரு விரல் அளவு நீக்கி, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். சுவாலை மேலே இருப்பதால் புகைக்கூடு உடனே சூடாகிறது. கீழே உள்ள கட்டைகளிலிருந்து பிறகு கிளம்பும் வாயு சுவாலைக்குள் நுழைந்தே வெளியேற வேண்டும், அதனால் எரிந்துவிடுகிறது. கீழிருந்து மூட்டினால் அந்த வாயு குளிர்ந்த கட்டைகளுக்கிடையே புகையாகிக் கூட்டுக்குள் போகும்.

மார்ச் 16

குழாயில் ஒட்டிய காந்த வெப்பமானி பத்தாவது நிமிடத்தில் 130 காட்டியது. கதவை மூடிக் கீழ்க்காற்றை அடைத்தாயிற்று. ஒற்றைச் சுவர்க் குழாயின் மேற்பரப்பில் 120 முதல் 240 பாகை வரை நல்ல எரிப்பு. அதற்குக் கீழே தார் படியும். மேலே போனால் இரும்பு வளையும்.

மார்ச் 23

வெயில் ஏறிய ஞாயிறு. வெளியே +11. மத்தியானம் மூட்டியபோது புகை முழுக்க வரவேற்பறைக்குள் வந்தது, எச்சரிக்கை மணியும் அலறியது.

புகைக்கூடு வீட்டின் வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தால் இது அடிக்கடி நடக்கும். இரவுக் குளிர் செங்கல்லுக்குள் ஊறி நிற்கிறது. வெளிக்காற்று வெயிலில் சூடாகிவிட்டது. கூட்டுக்குள் இருப்பதோ 5 பாகைக் காற்று. கனமான அந்தக் காற்று அடைப்பான்போலக் கீழ்நோக்கி அழுத்துகிறது. மூட்டுமுன் அடுப்புக் கதவைத் திறந்து, ஈரக் கையை அடுப்பின் வாயருகே பிடித்துப் பார்த்தால் தெரியும். கையில் குளிர்காற்று வந்து மோதினால் நெருப்பு வைக்கக்கூடாது.

அடைப்பை உடைக்கும் வழி: முதலில் குசினிப் புகையுறிஞ்சியையும் குளியலறை விசிறியையும் நிறுத்த வேண்டும். இறுக்கமாகக் கட்டிய புதிய வீட்டில் அவை புகைக்கூட்டிலிருந்தே காற்றை இழுக்கும். பிறகு காற்று வீசும் பக்கத்து யன்னலை இரண்டு விரல் திறக்க வேண்டும், அடுப்பு இருக்கும் தளத்திலேயே. மாடி யன்னலைத் திறந்தால் மாடியே புகைக்கூடாகிவிடும். அடுத்து ஒரு தாள் பத்திரிகையை முறுக்கி, அடுப்பின் உச்சியில் புகை வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் கொளுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு தாள் போதாவிட்டால் இரண்டாவது. சுவாலை மேல்நோக்கிச் சாய்ந்து 'உஸ்' என்று இழுத்ததும் அடுக்கிய விறகின் உச்சியில் தீ வைக்கலாம். கடதாசி எரிக்கப் பயமென்றால் முடி உலர்த்தியை இரண்டு மூன்று நிமிடம் உள்ளே பிடித்தாலும் சரிவரும்.

மாலை ஆறு மணி வரை காத்திருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை. வெளியே 4 பாகைக்கு இறங்கியதும் கூடு தானே இழுக்கும். பகலில் வீட்டை வெப்பப் பம்பிடம் விட்டுவிடலாம். வெளியே பூச்சியம் பாகைக்கு மேலே அது மலிவாகவும் நன்றாகவும் வேலை செய்கிறது.

மார்ச் 29

அடுப்புக் கதவின் கண்ணாடி கறுத்துவிட்டது என்ற முறைப்பாடு மார்ச் மாதத்தில்தான் அதிகம் கேட்கும். வீடு சூடாகிறது என்று காற்றை அடைத்து, அடுப்பை 'மெதுவாக' எரியவிடுவார்கள். வசந்தத்தில் இதைவிடப் பெரிய பிழை கிடையாது.

காய்ந்த விறகின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வாயுவாகத்தான் வெளிவரும். காற்றை அடைத்தால் வாயு வெளிவருவது நிற்காது, எரிவது மட்டும் நிற்கும். எரியாத வாயு போகும் வழியில் குளிர்ந்த செங்கல்லைக் கண்டு தாராகப் படிகிறது. விறகுக்குக் கொடுத்த காசில் பெரும் பங்கு அந்தத் தாரில் இருக்கிறது. நோர்வேயில் 1998 க்குப் பிறகு விற்கப்பட்ட அடுப்புகளில் சூடாக்கிய இரண்டாம் காற்று கண்ணாடிக்கு மேலிருந்து வந்து இந்த வாயுவை எரிக்கும். அதையும் அடைத்துவிட்டால் புதிய அடுப்பும் பழைய அடுப்பும் ஒன்றுதான். பழைய அடுப்புகளை பெர்கன் நகரம் 2021 இலிருந்து தடைசெய்திருக்கிறது.

வெப்பம் குறைவாகத் தேவை என்றால் விறகைக் குறையுங்கள், காற்றைக் குறைக்காதீர்கள். ஒன்றரைக் கிலோ பிர்ச், நல்ல எரிப்பு, பிறகு அணையவிடுவது. கிலோவுக்கு 4 கிலோவாற் மணி, அதில் முக்கால்வாசி வீட்டுக்குள் வரும் என்று வைத்தால் நாலரைக் கிலோவாற் மணி. 1500 வாற் மின்சூடாக்கி மூன்று மணி நேரம் ஓடியதற்குச் சமம். ஏப்ரல் மாலைக்கு அது தாராளம். வார்ப்பிரும்பு அடுப்பு அதன்பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் சூடு விடும்.

ஏப்ரல் 5

கொட்டிலின் அடி விறகு. ஈரம் அளக்கும் மீற்றர் 24 சதவீதம் காட்டுகிறது. 20 க்குக் கீழே வேண்டும். அளப்பவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள்: வெளிப்பக்கத்தில் குத்துகிறார்கள், குளிர்ந்த விறகில் குத்துகிறார்கள். இரண்டிலும் எண் பொய்யாகக் குறைந்து தெரியும். ஒரு நாள் வீட்டுக்குள் வைத்து, பிளந்து, புதிய முகத்தின் நடுவே குத்தினால்தான் உண்மை வரும்.

அடுத்த குளிர்காலத்து விறகு இப்போதே பிளந்து அடுக்கி முடிந்திருக்க வேண்டும். பச்சை பிர்ச்சின் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது. அதன் பட்டை தண்ணீரை வெளியே விடாது; பிளக்காமல் உருளையாக வைத்தால் காயுமுன் உளுத்துப்போகும். ஏப்ரல், மே இங்கே வறண்ட காற்றடிக்கும் மாதங்கள். யூலை வெயிலைவிட இந்தக் காற்றுதான் விறகைக் காயவைக்கிறது. நிலத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்தில் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட வேண்டும். பக்கங்களில் பொலித்தீன் சுற்றினால் காளான் வளர்க்கலாம்.

பிந்திப்போனவர்களுக்கு இங்கே ஒரு பழைய உபாயம் உண்டு. இலை துளிர்த்த பிறகு பிர்ச்சை வெட்டி, கிளையோடும் இலையோடும் சில வாரம் கிடத்திவைப்பது. இலைகள் வாடும்வரை தண்டின் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும்.

ஏப்ரல் 12

மூன்று நாளாக நெருப்பு இல்லை. +14.

ஏப்ரல் 20

கூடு துப்புரவு. நகரசபையின் துப்புரவாளர் அவரவர் புகைக்கூட்டின் தேவையைப் பார்த்துத்தான் வருவார். அவர் வரும்வரை காத்திருக்காமல் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கூட்டின் துப்புரவுக் கதவுக்குள் சாய்த்துப் பார்க்கலாம். மண்ணிறத் தூளோ சாம்பல் நிறத் தூளோ என்றால் எரிப்பு நன்றாக இருந்திருக்கிறது. கறுப்புச் செதிள் என்றால் காற்றைக் கொஞ்சம் அதிகமாக அடைத்திருக்கிறீர்கள். கண்ணாடிபோலப் பளபளக்கும் கறுப்புப் பூச்சு ஆபத்து. அதைச் சாதாரணத் தூரிகை அசைக்காது, துப்புரவாளரைக் கூப்பிட வேண்டும். கூட்டுத் தீ பிடிப்பது அதில்தான். பிடித்தால் ரயில் போகிற மாதிரி முழங்கும். எல்லாக் காற்றையும் அடைத்து, தீயணைப்புப் படையை 110 இல் அழைத்து, வீட்டாரை வெளியே அனுப்ப வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது: ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 1700 லீற்றர் நீராவியாகிக் கூட்டைப் பிளக்கும்.

எல்லாரும் மறப்பது அடுப்புக்குள் மேலே கிடக்கும் தடுப்புத் தட்டை. கூட்டைத் துலக்கியதும் கரி முழுக்க அதன்மேல்தான் விழுந்து கிடக்கும். தட்டை இறக்கி வழிக்காவிட்டால் அடுத்த நெருப்பில் புகை அறைக்குள்தான் வரும்.

ஏப்ரல் 27

சாம்பல். குளிர்காலத்தில் அடியில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் விட்டுவைப்பது தணலுக்கு நல்லது. இப்போது முழுவதும் அள்ள வேண்டும், ஏனென்றால் சாம்பல் கோடை ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கவைக்கும். மூடியுள்ள இரும்பு வாளி, வெளியே, கல்லின்மேல். மர விறாந்தையில் வைக்கக்கூடாது. சாம்பலுக்குள் தணல் சில நாள்கூட உயிரோடு கிடக்கும்.

தோட்டத்துக்குச் சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி, அதற்குமேல் வேண்டாம். கோவாச் செடிக்கு நல்லது. உருளைக்கிழங்குப் பாத்திக்கும் புளூபெரிச் செடிக்கும் ஆகாது: கிழங்கில் சொறி வரும், புளூபெரிக்குப் புளித்த மண்தான் வேண்டும். அமோனியம் உரத்தோடு கலந்தால் நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும்.

மே 4

கதவு நாடா, அதாவது அடுப்புக் கதவின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிறு. கடதாசித் துண்டொன்றைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுத்தால் இறுக்கமாக இருக்க வேண்டும். கீல் பக்கம் வழுகி வந்துவிட்டது. பழைய நாடாவை உரித்து, பள்ளத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, வெப்பம் தாங்கும் பசையில் புதியதை இழுக்காமல் பதிக்க வேண்டும். இழுத்து ஒட்டினால் மெலிந்து மறுபடி ஒழுகும். இந்த அடுப்புக்கு 10 மில்லிமீற்றர். வாங்குமுன் அவரவர் கையேட்டைப் பார்க்கவும். உட்சுவரில் உள்ள வெர்மிகுலைற் (வெப்பம் தாங்கும் கனிமம்) பலகைகளில் மயிர்க்கீறல் கிடந்தால் பரவாயில்லை. உதிர்ந்து பின்னால் இரும்பு தெரிந்தால் மாற்ற வேண்டும்.

கறுத்த கண்ணாடிக்கு ஈரக் கடதாசியில் தொட்ட சாம்பலே போதும்.

மே 18

பிர்ச் இலை விட்டுவிட்டது. அடுப்புக் கதவைச் சற்றே நீக்கி விட்டாயிற்று, காற்று ஓடினால் துரு வராது. பயிர் வளரும் பருவத்தில் வரும் உறைபனி இரவுகளை இங்கே 'இரும்பு இரவுகள்' என்பார்கள். அதற்காகச் சிராய் ஒரு கூடையும் பிர்ச் ஆறு துண்டும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.