கஸார்ப்பஸார்ப் எபிசோட்: திட்டுறது சரி, காரணம் தான் இடிக்குது

அமெரிக்க கார்ட்டூன் சீரிஸ் ரிக் அண்ட் மார்ட்டியோட ரசிகர்கள் நாலு பேர் கூடுனா முதல் சீசன்ல எது வீக்கான எபிசோட்னு ஒரு வாக்குவாதம் வந்தே தீரும், அதுல தவறாம அடிபடுற பேரு 'ரெய்சிங் கஸார்ப்பஸார்ப்'. 2014 மார்ச் 10-ல அடல்ட் ஸ்விம் சேனல்ல வந்த ஏழாவது எபிசோட், எழுதுனது எரிக் அகோஸ்டாவும் வேட் ராண்டால்ஃபும், டைரக்ட் பண்ணது ஜெஃப் மையர்ஸ். ஆம்பள பொம்பள சமாச்சாரத்தை நேரடியா கையில எடுத்த எபிசோட், அதனாலயே அதிகமா வாங்கிக் கட்டிக்கிட்ட எபிசோட். இது செக்சிஸ்ட்னு ஒரு கோஷ்டி, அட ஜோக்கை ஜோக்கா பாருங்கப்பானு இன்னொரு கோஷ்டி. எனக்கு ரெண்டு பேரோடயும் ஒத்துப்போகல. திட்டு வாங்க வேண்டிய எபிசோட் தான், ஆனா அடிக்கிறவங்க சொல்ற காரணம் தான் எனக்கு சரியா படல.

கதை மறந்து போனவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன் (இன்னும் பாக்கவே இல்லைனா இங்கயே நிறுத்திட்டு பாத்துட்டு வந்துடுங்க, இருபத்தி சொச்சம் நிமிஷம் தான்). வேற்று கிரக அடகுக் கடை ஒண்ணுல பேரன் மார்ட்டி ஒரு ரோபோவை பாக்குறான், பொம்பள உருவத்துல செஞ்ச ரோபோ, எதுக்குனு சொல்லத் தேவையில்ல, பையனுக்கு பதினாலு வயசு. தாத்தா ரிக் வாங்கிக் குடுத்துடறார். கொஞ்ச நாள்ல அந்த ரோபோ ஒரு கருப்பை மாதிரி மாறி உள்ளேர்ந்து ஒரு குழந்தை வெளிய வருது, பாதி மனுஷன் பாதி கஸார்ப்பஸார்ப் கிரகத்து ஜீவன். மார்ட்டி அதுக்கு அப்பனா உக்காந்து வளக்க ஆரம்பிக்கிறான். இந்த விவகாரம் என்னனு பாக்க ரிக் அந்த கிரகத்துக்கே கிளம்புறார், மார்ட்டியோட அக்கா சம்மர் கூட வரேன்னு நிக்குறா, பொண்ணுங்களோட நான் அட்வெஞ்சர் போறதில்லனு ரிக் மூஞ்சிக்கு நேரா சொல்றார், அப்புறம் எப்டியோ ரெண்டு பேரும் போயிடறாங்க. அங்க தரையில ஆம்பளைங்க, கல்லு கட்டையை வச்சு ஒருத்தனை ஒருத்தன் அடிச்சிக்கிட்டே இருக்குற மிருகங்க. மேல மிதக்குற ஊர்ல பொம்பளைங்க, நாகரிகமா ஆட்சி நடத்துறாங்க. ரோபோவை கீழ அனுப்பி விந்து சேகரிச்சு பிள்ளை பெத்துக்கிறாங்க, பொண்ணு பொறந்தா வச்சிப்பாங்க, பையன் பொறந்தா கீழ தள்ளிடுவாங்க.

டைட்டில் 1987-ல வந்த ரெய்சிங் அரிசோனா படத்தோட பேரை கிண்டல் பண்ணி வச்சது, வானத்துல மிதந்து வர்ற ராட்சச கல்லு மண்டை 1974-ல ஷான் கானரி நடிச்ச ஸார்டாஸ் படத்துலேர்ந்து உருவுனது. அந்த ஊரு ராணி மா-ஷாவுக்கு குரல் குடுத்தது கிளாடியா பிளாக், சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியல் பாக்குறவங்களுக்கு ஃபார்ஸ்கேப்லேர்ந்தே தெரிஞ்ச குரல். இந்த செட்டப் வரைக்கும் குறை சொல்ல ஒண்ணுமில்ல, பிரமாதம்.

செட்டப்புக்கு அப்புறம் மிதக்குற ஊர்ல என்ன நடக்குது? கோர்ட் ஒண்ணு காட்டுறாங்க, ஒருத்தி மேல கேஸ், என்ன குற்றம்னா நெத்தியில முடி வெட்டுனது நல்லா இல்ல. தண்டனை என்னன்னா பேசாம இருக்குறது. பாத்துக்கிட்டா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற வணக்கம், 'பேசணும்னா நான் இருக்கேன்'. நான் சிரிச்சேன், இல்லனு சொல்ல மாட்டேன், வணக்கம் ஜோக் இப்பவும் புடிக்கும். ஆனா யோசிச்சு பாருங்க, இதெல்லாம் வேற்று கிரகத்துக்கு போய் தான் சொல்லணுமா? மேடையில மைக்கை புடிச்சு நின்னு பொண்டாட்டியை பத்தி புலம்புற காமெடியன் முப்பது வருஷமா சொல்லிட்டு இருக்குற விஷயம் தானே. பொம்பளைங்க முடியை பத்தி கவலைப்படுவாங்க, கோவம் வந்தா பேச மாட்டாங்க, உணர்ச்சியை பத்தி பேசிட்டே இருப்பாங்க. அவ்ளோதான், அதுக்கு மேல ஒரு அங்குலம் நகரல.

இதை வச்சு தான் செக்சிஸ்ட்னு சொல்றாங்க. ஆனா அந்த வாதத்துக்கு உடனே ஒரு பதில் ரெடியா வரும்: ஆம்பளைங்களை மட்டும் என்ன தூக்கியா வச்சிருக்காங்க, பேசக்கூட தெரியாத காட்டு மிருகமா தானே காட்டுறாங்க, ரெண்டு பக்கமும் சமமா தானே அடிக்கிறாங்கனு. கணக்கு போட்டு பாத்தா அதுவும் உண்மை தான். அதனால யாரை அதிகமா கிண்டல் பண்ணாங்கன்ற தராசை வச்சுக்கிட்டு இந்த எபிசோடை எடை போட ஆரம்பிச்சா ஒரு முடிவுக்கும் வர முடியாது, வருஷக்கணக்கா அதே சண்டையை போட்டுக்கிட்டு இருக்கலாம், போட்டுக்கிட்டும் இருக்காங்க.

எனக்கு உறுத்துறது வேற. இதே எபிசோட்ல பூமியில நடக்குற பாதியை பாருங்க. அந்த ரோபோ பெத்த குழந்தை, பேரு மார்ட்டி ஜூனியர், சில நாள்லயே கிடுகிடுனு வளந்துடறான், பொறப்புலயே அவனுக்குள்ள உலகத்தை அழிக்கணும்ன்ற வெறி இருக்கு. மார்ட்டி அவனை வெளிய விடாம பொத்திப் பொத்தி வளக்குறான், வெளிய காத்துல விஷம் இருக்குனு பொய் சொல்றான், ஒரு கட்டத்துல அவனே அச்சு அசல் ஒரு எரிஞ்சு விழற அப்பனா மாறி கத்துறான். அம்மா பெத் இதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கா, அந்த முகபாவம் இருக்கே, அனுபவிச்சு வரைஞ்சிருக்காங்க. கடைசியில அந்த வெறி புடிச்ச பையன் தனக்குள்ள இருக்குற வன்முறையை எழுத்துல கொட்டலாம்னு கண்டுபுடிச்சு வீட்டை விட்டு கிளம்புறான், எழுதுன புத்தகத்துக்கு பேரு 'என் கொடூரமான அப்பா'. இந்த எண்டிங் சிரிப்பு மட்டும் இல்ல, வலிக்கவும் செய்யுது. ஆம்பளையா பொறந்தா கோவம் ரத்தத்துலயே இருக்கா, வளப்புல மாறுமா, அதை மாத்த நினைக்கிற அப்பன் வேற எதையாவது உடைச்சுடறானா, இவ்ளோ கேள்வியை ஒரு கார்ட்டூன் காமெடி அசால்ட்டா தூக்கிட்டு போகுது. ரிவ்யூ எழுதுனவங்கள்ல நெறைய பேருக்கு இந்த பாதி புடிச்சது, கிரகத்து பாதி தான் இழுவைனு பட்டது, அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல.

இப்ப ரெண்டு பாதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. மேல இருக்குற பொம்பளைங்க ஆம்பளைப் பிள்ளைங்களை கீழ தள்ளிடறாங்க, ஏன்னா அவங்க பொறப்புலயே மிருகம், திருத்த முடியாதுனு ஒரு நம்பிக்கை. கீழ அவங்க மிருகமா தான் இருக்காங்க, ஏன்னா வளக்க ஆளே இல்ல. பூமியில அதே ரத்தத்துல வந்த ஒரு பையனை ஒரு அரை வேக்காட்டு பதினாலு வயசு அப்பன் வளத்து, தட்டுத் தடுமாறி, ஒரு எழுத்தாளனா ஆக்கிடறான். அப்ப அந்த மிதக்குற ஊரோட மொத்த அஸ்திவாரமே பொய்னு ஆகுதில்ல? அந்த ராணிக்கு இந்த சேதி போய் சேர்ந்தா என்ன ஆகும்? தள்ளிவிட்ட பிள்ளையை நினைச்சு ராத்திரி தூங்காத ஒரு அம்மாவாவது அந்த ஊர்ல இருந்திருப்பாளா இல்லையா? எபிசோடோட ரெண்டு கதையும் ஒட்ட வேண்டிய இடம் இது தான், கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச மாதிரி அதை விட்டுட்டு நெத்தி முடி ஜோக்குக்கு போயிட்டாங்க. பெண் உலகத்தை கிண்டல் பண்ணது எனக்கு பிரச்சனையே இல்ல, அதை பத்தி யோசிக்கவே இல்லன்றது தான் பிரச்சனை. ஆம்பளைக்கு உள்மனசு குடுத்தாங்க, பொம்பளைக்கு பஞ்ச்லைன் குடுத்தாங்க.

இதை உக்காந்து எழுதுன ரூம்ல அப்ப யாரு இருந்தாங்கன்றதும் இதுல சேத்தி. முதல் சீசன் ரைட்டர்ஸ் ரூம்ல ஒரு பொம்பளை கூட இல்ல. பொம்பளை இருந்தா தானா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல, ஆனா "ஏன்யா, ஒரு அம்மா கூடவா பிள்ளையை திரும்பி பாக்க மாட்டா?"னு கேக்க அந்த டேபிள்ல ஒரு ஆள் குறைஞ்சது தெளிவா தெரியுது.

சயின்ஸ் ஃபிக்ஷன்ல பெண்கள் மட்டும் ஆளுற உலகம்ன்றது புது சரக்கும் இல்ல. 2001-ல ஃப்யூச்சுராமான்ற இன்னொரு கார்ட்டூன்ல அமேசான் பெண்கள் கிரகம் ஒண்ணு வந்துச்சு, அதை ஆளுற கம்ப்யூட்டர் ஃபெம்ப்யூட்டர்க்கு நடிகை பீ ஆர்தர் குரல், அதுவும் பழைய ஜோக்கு தான் நெறைய, ஆனா கடைசியில அந்த கம்ப்யூட்டருக்குள்ள யாரு ஒளிஞ்சிருக்கான்றதுல ஒரு சின்ன திருப்பமாவது வச்சாங்க. ரொம்ப பின்னாடி போனா, வங்காள எழுத்தாளர் ரொக்கையா பேகம் எழுதுன 'சுல்தானாவின் கனவு', 1905-ல மெட்ராஸ்லேர்ந்து வந்த இந்தியன் லேடீஸ் மேகஸின்ல இங்கிலீஷ்ல வந்த சிறுகதை. அதுவும் காமெடி தான். ஆம்பளைங்க வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க பொம்பளைங்க நாட்டை நடத்துறாங்க, எப்டி நடத்துறாங்கனு பக்காவா சொல்லுவாங்க: சூரிய வெப்பத்தை சேத்து வச்சு சமைக்கிறாங்க, மேகத்துலேர்ந்து நேரா தண்ணி எடுக்குறாங்க, சண்டைக்கு வந்த எதிரிப் படையை அதே சூரிய வெப்பத்தை திருப்பி விட்டு ஓட விடறாங்க.

அதுல ஒரு கணக்கு வரும், எனக்கு ரொம்ப புடிச்ச இடம். நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் தான் ஆபீஸ் வேலை பாக்குறீங்களாமே, ஆம்பளைங்க ஏழு மணி நேரம் பாப்பாங்களேனு கதையை சொல்ற சுல்தானா கேக்குறா. அதுக்கு பதில்: ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம், ஒரு ஆம்பள நாளைக்கு பன்னெண்டு சுருட்டு புடிச்சா ஆறு மணி நேரம் அதுலயே போச்சு. இதுவும் ஆம்பளைனா இப்டி தான்னு சொல்ற ஸ்டீரியோடைப் ஜோக் தான், ஆனா அந்த உலகம் எப்டி ஓடுதுன்ற கேள்விக்கு பதில் சொல்லிக்கிட்டே அடிக்குது பாருங்க. நெத்தி முடி கேஸ் கஸார்ப்பஸார்ப்பை பத்தி நமக்கு என்ன சொல்லுது? ஒண்ணும் இல்ல. இந்த எபிசோடுக்கு 109 வருஷம் முன்னாடி வந்த கதை இந்த விஷயத்துல ரொம்பவே முன்னாடி நிக்குது.

க்ளைமாக்ஸை பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். மிதக்குற ஊர்ல ரிக்குக்கும் சம்மருக்கும் மரண தண்டனைனு ஆயிடுது, சம்மர் தான் வாதாடி காப்பாத்துறா. எப்டினா, எங்க ஊர்ல ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்து தான் இருக்கோம், நான் போட்டுருக்குற இந்த சட்டை எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க, இதை டிசைன் பண்ணது ஒரு ஆம்பளைனு மார்க் ஜேக்கப்ஸ் பேரை இழுக்குறா, எங்க ஆம்பளைங்கள்ல ஒரு பகுதி பேர் கேவா பொறக்குறாங்க அதான் எங்க துணி உங்களோடத விட நல்லா இருக்குன்றா. பொம்பளை ஸ்டீரியோடைப்பை கே ஆம்பளை ஸ்டீரியோடைப்பால ஜெயிக்கிறது. புத்திசாலித்தனமான ஜோக்கா சோம்பேறி ஜோக்கானு கேட்டா எனக்கு ரெண்டுமா தெரியுது, அன்னிக்கு மூட் எப்டியோ அப்டி. ஆனா ஒண்ணு, அந்த நிமிஷத்துல தான் சம்மர்ன்ற கேரக்டர் பொறக்குறா. அதுக்கு முன்னாடி அவ போனை நோண்டிட்டு இருக்குற டீனேஜ் அக்கா, அவ்ளோதான். ஸ்பென்சர் கிராமர் குரல்ல அந்த அலட்சியமும் புத்தியும் ஒண்ணா கலந்து வர்றது இங்க தான் முதல் தடவை வேலை செய்யுது. பொண்ணுங்களோட போறதில்லனு சொன்ன ரிக் ரெண்டே எபிசோட் தள்ளி அவளோட சேர்ந்து சாத்தான் கடையை ஒரு வழி பண்றார். அதுக்கப்புறம் நிறுத்தவே முடியல.

வேடிக்கை என்னன்னா ரூம்ல பொம்பளை இல்லன்ற குறையை சரி பண்ணப்போ தான் பெரிய ரகளையே. மூணாவது சீசனுக்கு ஜெசிகா காவ், ஜேன் பெக்கர், சாரா கார்பினர், எரிகா ராஸ்பி இவங்களை எல்லாம் எடுத்தாங்க. 2017-ல அந்த சீசன் ஓடும்போது ரசிகர்கள்னு சொல்லிக்கிட்ட ஒரு கூட்டம் இந்த பெண் எழுத்தாளர்களை குறி வச்சு ஆன்லைன்ல ஆபாசமா தாக்குச்சு, இவங்க வந்து தான் ஷோ கெட்டுப் போச்சாம். ஷோவை உருவாக்குனவர்கள்ல ஒருத்தரான டேன் ஹார்மன் என்டர்டெயின்மென்ட் வீக்லி பேட்டியில அந்த கூட்டத்தை நேரடியாவே கண்டிச்சார். அந்த சீசன்ல ஜெசிகா காவ் எழுதுன, ரிக் ஊறுகாயா மாறுற 'பிக்கிள் ரிக்' எபிசோட் 2018-ல எம்மி விருது வாங்குச்சு, அதே கூட்டம் தான் அந்த ஊறுகாய் தாத்தா படம் போட்ட டிஷர்ட்டை மாட்டிக்கிட்டு சுத்துச்சு.

ஆக இந்த எபிசோடை பாக்காம தாண்டிடலாமானு கேட்டா, தாண்டாதீங்க. மார்ட்டி ஜூனியர் பாதிக்காகவும் சம்மருக்காகவும் பாருங்க, மிதக்குற ஊர் வரும்போது அந்த தள்ளிவிட்ட பிள்ளைங்களோட அம்மாக்கள் எங்கனு கூட்டத்துல தேடுங்க, ஒருத்தியைக் கூட காட்ட மாட்டாங்க. பாத்துட்டு நேரா மூணாவது சீசன்ல ஜேன் பெக்கர் எழுதுன 'ரிக்மேன்சிங் த ஸ்டோன்' போடுங்க, அப்பா அம்மா டிவோர்ஸ் ஆன கோவத்துல சம்மர் ஒரு பாலைவன கும்பலோட சேர்ந்து மண்டையை உடைச்சிக்கிட்டு சுத்துவா. மார்ட்டி ஜூனியருக்கு குடுத்த அந்த வெறியை இங்க ஒரு பொண்ணுக்கு குடுத்திருப்பாங்க, அதுக்கு ஒரு காரணத்தையும் சேத்தே குடுத்திருப்பாங்க.