பரணில் கிடந்த மோடம்

பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய வைமேக்ஸ் மோடம் கையில் அகப்பட்டது. கோபுரத்து அலையைப் பிடித்து வீட்டுக்கு இன்டர்நெட் தந்த பெட்டி.

வெள்ளை நிறம் பழுத்து மஞ்சளாகிவிட்டது. மேலே அப்பாவின் கையெழுத்தில் ஒட்டிய துண்டுச்சீட்டு: "ஜன்னலை விட்டு நகர்த்தாதே."

இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் போதும், மூன்று சிக்னல் விளக்கில் இரண்டு அணைந்துவிடும். அப்பா ரயில் டிக்கெட் எடுக்கும் நேரத்தில் யாரும் ஜன்னல் பக்கம் போகமாட்டோம்.

கம்பியே இல்லாமல் இன்டர்நெட்! பெரிய வியாபாரம் ஆகும் என்று எல்லாரும் நம்பிய காலம். சிப் தயாரிக்கும் இன்டெல் அதன் பின்னால் நின்றது. தென்கொரியாவில் 2006-லேயே வைப்ரோ என்ற பெயரில் இதே வகைச் சேவை வந்துவிட்டது.

ஆனால் போன் கம்பெனிகள் எல்டிஇ, அதாவது இன்றைய 4ஜி பக்கம் போய்விட்டன. கையில் இருந்த நெட்வொர்க்கிலிருந்து அடுத்த படி அதுதான். போன் தயாரிப்பவர்களும் கூடவே போனார்கள். அப்புறம் வைமேக்ஸுக்கு என்ன மிச்சம்?

இங்கே இந்தியாவில் 2010-ல் 2300 மெகாஹெர்ட்ஸ் பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலம் நடந்தது. இன்ஃபோடெல் என்ற சின்ன நிறுவனம் 12,848 கோடி ரூபாய்க்கு நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டாரங்களிலும் அதை எடுத்தது. உடனே ரிலையன்ஸ் அதன் 95 சதவீதப் பங்கை வாங்கியது. அந்த அலையில் வைமேக்ஸா எல்டிஇ-யா, எந்தத் தொழில்நுட்பம் என்று ஏலத்தில் நிபந்தனை இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பெட்டியை நம்பியவர்கள் நஷ்டப்பட்டார்கள், அலைவரிசையை வாங்கியவர்கள் காத்திருக்க முடிந்தது.

2016-ல் ஜியோ வந்தபோது ஏலத்தில் எடுத்த அந்த 2300 மெகாஹெர்ட்ஸ் அலையிலும் அதன் 4ஜி ஓடியது.

அப்பா அதைப் பார்க்க இல்லை. சீட்டைப் பிரிக்காமல் மோடத்தை ஜன்னலோரமே வைத்திருக்கிறேன்.