பையின் காதில் கட்டிய நூல்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டில் இரண்டு கைத்தறிகள் ஓடின. என்னைக் கடைக்கு அனுப்பும்போதெல்லாம் அம்மா தறிக்கடியில் கிடக்கும் கழிவு நூலில் மூன்று துண்டுகளை எடுத்துப் பையின் காதில் முடிச்சுப் போட்டுவிடுவார்: மஞ்சள் பருப்புக்கு, பச்சை கொத்தமல்லிக்கு, அரக்கு புளிக்கு. அப்போது எனக்குப் பத்து வயது. அதற்கு முன்பெல்லாம், கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கும் நேரத்தில் எதற்காக வந்தேன் என்பதே மறந்திருக்கும். வழியில் பட்டம் விடுகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பிய நாட்களும் உண்டு. "இவனுக்குத் திமிரு" என்பது அப்பாவின் தீர்ப்பு. "வளந்தாச் சரியாப் போயிரும்" என்பது தெருவின் தீர்ப்பு.

23 வயதில் எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட மூளை வளர்ச்சிக் குறைபாடு) இருப்பது உறுதியானபோது, அப்பா சொன்னது தவறு என்று உடனே தெரிந்துவிட்டது. தெரு சொன்னதை மட்டும் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை.

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் வெளி அடுக்கான புறணியில் பாதி தன் உச்சத் தடிமனை எட்டும் வயது, மற்றக் குழந்தைகளுக்குச் சுமார் ஏழரை என்றும், ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளுக்குப் பத்தரை என்றும் கண்டார்கள். வளரும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான், காலம்தான் பிந்துகிறது. திட்டமிடுவதற்கும் அடக்கிக்கொள்வதற்கும் உரிய முன்பகுதியில் இந்தத் தாமதம் அதிகம். உடலசைவுக்கான பகுதியோ சற்று முந்தியே முதிர்ந்திருந்தது. கால் தயாராகிவிட்டது, கடிவாளம் இன்னும் வந்து சேரவில்லை என்று நான் இதைப் புரிந்துகொண்டேன். (இவை குழுக்களின் சராசரிகள்தாம், ஸ்கேன் எடுத்து ஒரு பிள்ளைக்கு ஏடிஹெச்டி இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது.) ஐந்தாம் வகுப்பில் பெஞ்சை விட்டு எழுந்துகொண்டே இருந்ததற்காக நான் முட்டி போட்ட மணிக்கணக்கை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

தாமதம்தான் என்றால் ஒருநாள் எல்லாம் சரியாகிவிட வேண்டுமே என்று தோன்றும். ஓட்டமும் துள்ளலும் பதினைந்து வயதுக்குள் எனக்கு அடங்கிவிட்டன. பெரும்பாலோருக்கும் முதலில் குறைவது அதுதான். அடங்காதவை வெளியே தெரியாதவை: ஒரு வேலையைத் தொடங்க முடியாமை, நேரம் கடப்பதை உணராமை, சொன்னதை மனத்தில் நிறுத்த முடியாமை. குழந்தைகளைப் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், முழுமையாக விடுபட்டு அப்படியே நீடித்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு அறிகுறிகள் ஏறியும் இறங்கியும் வந்தன.

எனக்கு அது ஏறியது கோயம்புத்தூர் விடுதியில். பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுப்பிவிட்டதும், பேனாவை எடுத்து வைத்ததும், "மணி ஏழாச்சுடா" என்று நாலு தரம் சொன்னதும் அம்மா. என் மூளை செய்ய வேண்டியதில் பாதியை அவர் வெளியிலிருந்து செய்துகொண்டிருந்தார் என்பது, அவர் இல்லாத இடத்தில் முதல் ஆண்டிலேயே ஐந்து அரியர் விழுந்தபோதுதான் தெரிந்தது. வீட்டில் இருந்தவரை நான் ஓரளவு தேறிவிட்டதாகவே எல்லோரும் நம்பினோம், நான் உட்பட.

மதுரைக்குத் திரும்பி மனநல மருத்துவரைப் பார்த்தபோது, அவர் பழைய ரேங்க் கார்டுகளைக் கேட்டார். பெரியவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் இருந்தால் போதும் என்றாலும், அவற்றில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட அளவுகோல். டிரங்குப் பெட்டியிலிருந்து அம்மா எடுத்துவந்த கார்டுகளில் "கவனம் தேவை" என்ற ஒரே வாக்கியம் ஆறு ஆசிரியர்களின் கையெழுத்தில் இருந்தது. நூல் கட்டிவிட்ட கதையையும் அம்மா சொன்னார். இரட்டையர் ஆய்வுகளின்படி இதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் முக்கால் பங்கு மரபணு சார்ந்தது என்று விளக்கிய மருத்துவர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்.

அப்பா உடனே இல்லை என்றார். அம்மா சிறிது நேரம் கழித்து, "நூல் கட்டுறது நானாக் கண்டுபிடிச்சதில்லைங்க சார். எங்க அய்யா கடைக்குப் போறப்ப எங்கம்மா கட்டிவிடும்" என்றார்.