வேகம் சரி, உயரம்தான் தப்பு

பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று விஷயத்தில் செயற்கைக்கோளை நம்புவதா பலூனையா என்று கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் பலூன் என்பேன். இப்போது அவ்வளவு சட்டென்று சொல்ல வாய் வருவதில்லை.

வானிலை பலூனில் காற்றை அளக்கத் தனிக் கருவியே கிடையாது. காற்று இழுத்த இழுப்புக்கு அது போகிறது, ஜிபிஎஸ் அதன் பின்னாலேயே கணக்கு எழுதுகிறது, அவ்வளவுதான். நொடிக்கு 5 மீட்டர் வீதம் ஏறி, 30 கிலோமீட்டர் உயரம் வாக்கில் வெடிக்கும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேலே காற்று பலமாக இருந்தால் கிளம்பிய இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் போயிருக்கும். பழைய பதிவுகளிலோ எல்லா உயரத்துக்கும் கிளம்பிய நிலையத்தின் இடமே போட்டிருக்கும்.

செயற்கைக்கோளுக்கு மேகம்தான் பலூன். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று அடுத்தடுத்துப் படமெடுத்து, மேகம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கிறது. நகர்ந்த தூரம் பெரும்பாலும் சரியாகவே கிடைத்துவிடும். மேகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல். எவ்வளவு குளிரோ அவ்வளவு உயரம் என்று, மேக உச்சியின் வெப்பநிலையை வைத்துக் கணிக்கிறார்கள். மெல்லிய கீற்று மேகமாக இருந்தால் கீழேயிருந்து வரும் வெப்பமும் ஊடே கசிந்து, மேகம் உள்ளதைவிடச் சூடாகத் தெரியும். உடனே அதைத் தாழ்வாகப் போட்டுவிடுவோம். ஒரு பேச்சுக்கு, 11 கிலோமீட்டரில் காற்று நொடிக்கு 40 மீட்டர், 9 கிலோமீட்டரில் 25 என்று வையுங்கள். மேலே ஓடும் மேகத்தை 9-இல் எழுதினால் பலூனோடு ஒப்பிடும்போது நொடிக்கு 15 மீட்டர் உதைக்கும். செயற்கைக்கோள் தப்பு என்று எல்லாரும் சொல்வோம். அதே காற்று அளவை இரண்டு கிலோமீட்டர் ஏற்றி வைத்தால் அச்சாகப் பொருந்தும்!

சரி, மேகமே வேண்டாம் என்று லேசரை அனுப்பிக் காற்றை நேராக அளக்கப் பார்த்தார்கள். 2018-இல் ஐரோப்பியர் ஏவிய ஏயோலஸ் அப்படிப்பட்டது. அதிலும் லேசர் பார்க்கும் திசையில் வீசும் பங்கு மட்டுமே கிடைத்தது. போதாததற்குத் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடியில் வெப்பநிலை கொஞ்சம் ஏறி இறங்கியதே காற்றின் கணக்கைக் கெடுத்தது, 2020-இல்தான் அதற்குத் திருத்தம் வந்தது.

அப்புறம், ஒப்பீடு என்று சொல்கிறோமே, பலூனும் செயற்கைக்கோளும் ஒரே இடத்தைப் பார்ப்பதே இல்லை. 100, 150 கிலோமீட்டர் இடைவெளி இருந்தாலும் ஜோடி சேர்த்துவிடுகிறோம். அந்த இடைவெளிக்குள் காற்றே மாறியிருந்தால் அந்த வித்தியாசத்தை யார் கணக்கில் எழுதுவது?