உக்கல் படித்த பிள்ளைகள்

நம் கல்லூரியில் தவளை வெட்டின கதையைப் பழைய மாணவர் சங்கத்தின் போன மலர்களில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தாவரவியல் ஆய்வுகூடத்தின் பின்தாழ்வாரத்தைப் பற்றி ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை. சரி, அந்தப் பங்கு எனக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

அங்கே பழைய ஊறுகாய்ப் போத்தல்கள் வரிசையாக இருக்கும். உள்ளே நனைத்த வடிதாள், அதன்மேல் வாழைச் சருகு, காவோலைத் துண்டு, பூவரசம் சுள்ளி. எல்லாம் வளவில் பொறுக்கின உக்கல். கணிதப் பிரிவுப் பெடியன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடப்பார்கள்.

உக்கலைத் தின்ன வரும் பங்கசுகளுக்கும் (பூஞ்சைகளுக்கும்) ஒரு வரிசை உண்டு என்று ரீச்சர் காட்டித் தந்தது அந்தப் போத்தல்களில்தான். லேசாகக் கரையும் வெல்லத்தைத் தின்ன மியூக்கரும் ரைசோப்பசும் முந்திக்கொள்ளும். அப்புறம் தாவர நாரான செலுலோசை உடைப்பவை. மரத்துக்கு விறைப்புக் கொடுக்கும் லிக்னினைக் கரைக்கக்கூடிய காளான் இனங்கள் ஆறுதலாகக் கடைசியில் வரும். ஆனால் ஒன்றுக்கும் சட்டென்று பெயர் வைக்க விடமாட்டார். "பேர் கடைசியில வரட்டும், பிள்ளையள். எதில முளைச்சது, வித்தி எப்பிடி, முதல் அதைச் சொல்லுங்கோ" என்பார். வித்தி என்றால் பங்கசு பரவ விடும், விதை மாதிரியான நுண்ணிய தூள்.

செலோரேப்பைச் சருகில் மெல்ல ஒற்றி, பருத்தி நீலம் என்ற சாயம் ஒரு துளி விட்ட கண்ணாடி வழுக்கியில் ஒட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்போம். புல்லுச் சருகில் எடுத்த கேவுலேரியா என்ற பங்கசு இன்னும் கண்ணில் நிற்கிறது. மண்ணிற வித்தி, மூன்று குறுக்குச் சுவர், நான்கு கலங்கள். அடியிலிருந்து மூன்றாவது கலம் மட்டும் பெருத்துக் கறுத்து, முழு வித்தியையும் ஒரு பக்கம் வளைத்துவிட்டிருக்கும். அல்ரனேரியா என்ற இன்னொரு பங்கசு என்றால் சுவர் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், நுனியில் ஒரு மூக்கு. நிறத்தையும் சுவரையும் பார்த்து வித்திகளைப் பிரிக்கும் இந்த முறை இத்தாலியரான சக்கார்டோ 19ஆம் நூற்றாண்டில் வகுத்தது. 1953இல் கனடாவில் ஹியூஸ் என்ற பங்கசு ஆய்வாளர், வித்தி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்கச் சொன்ன பிறகு அது பின்னுக்குப் போனது. பரீட்சைக்கு நாங்கள் படித்தது என்னவோ பழையதுதான்.

இலிங்க நிலை (ஆண்-பெண் சேர்க்கையால் வித்தி உண்டாகும் நிலை) தெரியாதவற்றை எல்லாம் "நிறைவற்ற பங்கசுகள்" என்று ஒரு கூட்டில் அடைத்து வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கூடு இப்போது இல்லை. ஒரே உயிருக்கு இலிங்க நிலையில் ஒரு பெயர், மற்ற நிலையில் இன்னொரு பெயர் என்ற கூத்துக்கும் 2011 மெல்பேர்ண் தாவரவியல் மாநாடு முடிவு கட்டியது. 2013 முதல் ஒரு பங்கசுக்கு ஒரு பெயர்தான். கொக்கிளியோபோலசு என்றும் கேவுலேரியா என்றும் இரண்டு பெயர் பாடமாக்கினவர்கள் நட்டஈடு கேட்கலாம்.

நான் இருக்கும் தென்னாபிரிக்காவின் டேர்பன் பக்கத்தில் இந்தப் படிப்புக்கு வேறொரு உபயோகம் கிடைத்தது. 1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் அயலவர்கள். கோடை மழை விழுந்ததும் (இங்கே கோடை என்பது டிசம்பர்) றோட்டோரத்தில் அமாகோவே விற்பார்கள். சாப்பாட்டுக் கோப்பை அகலத்தையும் தாண்டும் புற்றுக்காளான். கறையான் காய்ந்த புல்லையும் மரத்தையும் தின்று, புற்றுக்குள்ளே அந்த எச்சத்தால் தோட்டம் கட்டும். காளான் அதிலிருந்து எழும்பும். இலங்கைக் கறையான் புற்றுப் பங்கசுகளைப் பற்றிப் பேராதனையில் இருந்த பெச் என்ற பங்கசு ஆய்வாளர் 1906இலேயே எழுதிவிட்டார். டேர்பன் இருக்கும் நேற்றால் பிரதேசத்துப் பங்கசுகளைப் பொறுக்கி லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பிய மெட்லி வூட், 1882 முதல் இங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர்.

எதிர்வீட்டு ஆயா காளானைப் பிடுங்கும்போது கையால் கிண்டி அடிவேரைப் பார்ப்பார். வால் நீண்டு கூட்டை நோக்கி இறங்கினால்தான் கூடைக்குள் போகும். அவருடைய பேரன் அப்படியில்லை. புல்வெளியில் பெரிதாக, வெள்ளையாக எது நின்றாலும் "அண்ணா, இது கறிக்கு ஆகுமா?" என்று தூக்கிக்கொண்டு வருவான். தென்னாபிரிக்காவில் காளான் நஞ்சுக்கு அடிக்கடி காரணமாகும் பச்சைவித்திக் காளான் அப்படிப் புல்வெளியில்தான் நிற்கும். இளசில் அதன் குடைக்கடியில் இருக்கும் மடிப்புகளும் வெள்ளைதான். தண்டை வெட்டி, குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி ஓரிரவு விட்டால் அதன் வித்தித் தூள் பச்சையாக விழும். புற்றுக்காளான் என்றால் மங்கலான இளஞ்சிவப்பு. தாளில் ஒன்றும் விழாவிட்டால் காளான் பிஞ்சு, அதையும் எறியச் சொல்லிவிடுவேன். பேரனுக்கு அதில் இன்னும் கோபம்.

ரீச்சர் திருத்திய வித்திப் படக் கொப்பி யாரிடமாவது மிஞ்சியிருந்தால் ஸ்கான் பண்ணிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். என்னுடையது இடம்பெயர்வில் போய்விட்டது. கேவுலேரியாப் பக்கம் இருந்தால் இந்தப் பேரனுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பேன்.